அறுநூறு வருடம் முந்தைய தோல்விக்கு இன்று ஏன் கோபம் வருகிறது?

ஏட்டுச்சுவடி

ஜூன் 28, 1989. அப்போது யூகோஸ்லாவியாவுக்குள் செர்பியாவின் மாகாணமாக இருந்த கோசோவோவில் கசிமெஸ்தான் என்ற இடத்தில் லட்சக்கணக்கான செர்பியர்கள் கூடினார்கள். செர்பியத் தலைவர் மிலோசெவிச் ஹெலிகாப்டரில் வந்து இறங்கிப் பேசினார். 1389-இல் செர்பிய இளவரசர் லாசரின் படையும் ஒட்டோமான் சுல்தான் முராத்தின் படையும் அந்தப் பகுதியில் மோதிக்கொண்டதன் 600-வது நினைவு நாள் அது. அதற்கு முந்தைய மாதங்களில் லாசரின் எலும்புகளைப் பேழையில் வைத்து மடாலயம் மடாலயமாகக் கொண்டுபோய்க் காட்டியிருந்தார்கள். ஆயுதச் சண்டை இப்போது இல்லை, ஆனால் வரவே வராது என்று சொல்லிவிட முடியாது என்கிற தொனியில் மிலோசெவிச் பேசினார். இரண்டே வருடத்தில் யூகோஸ்லாவியா உடைந்து போர் தொடங்கிவிட்டது.

என்னைக் குடைவது இதுதான். 1389-இல் நடந்ததைத் தோல்வி என்று சொல்வதே கஷ்டம். லாசரும் செத்தார், முராத்தும் செத்தார். செர்பிய அரசு முழுதாக விழுந்தது 1459-இல்தான், அதாவது 70 வருடம் கழித்து. அந்த இடைவெளியில் என்ன நடந்தது? லாசரின் மகள் ஒலிவேரா முராத்தின் மகன் பயசீதுக்கு மனைவியானாள். லாசரின் மகன் ஸ்தெபான் 1396-இல் நிக்கோபோலிஸிலும் 1402-இல் அங்காராவிலும் அதே பயசீதின் பக்கம் நின்று போரிட்டார். அப்பாவைக் கொன்ற படைக்காக மகன் வாள் பிடித்தார்.

அந்தத் தலைமுறைக்கு இல்லாத கோபம் 600 வருடம் கழித்துப் பிறந்தவனுக்கு எங்கிருந்து வந்தது? பழைய நினைவு சண்டையை உண்டாக்குவதில்லை என்பது என் கட்சி. அது பரணில் கிடக்கும் சாமான். இறக்குவதற்கு ஒரு ஆள் வேண்டும், இறக்க ஒரு காரணமும் வேண்டும். மறுக்கிறவர்கள் வாருங்கள்.

சாய்வுநாற்காலி

நல்ல தொடக்கம். ஆனால் பரண் என்கிறீர்களே, அங்கே அதை ஏற்றி வைத்தது யார்? மிலோசெவிச் இல்லையே. திருச்சபை லாசரைப் புனிதராக்கியது. குஸ்லே என்ற நரம்புக் கருவியை மீட்டிப் பாடும் பாடகர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் கதையைப் பாடினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வூக் கராஜிச் அந்தப் பாடல்களைத் தொகுத்து அச்சில் ஏற்றினார். ஒரு தேசம் உருவாகிக்கொண்டிருந்த நேரத்தில் கதை தயாராக இருந்தது.

அந்தத் தேதிக்கு ஒரு தனி ராசி வேறு. சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டது 1914 ஜூன் 28. மிலோசெவிச்சை ஹேக் போர்க்குற்ற நீதிமன்றத்துக்கு அனுப்பியது 2001 ஜூன் 28. எல்லாமே தற்செயல் என்று நான் நம்பவில்லை.

இன்னொன்று. கோசோவோவில் பெரும்பான்மையான அல்பேனியர்களும் இதே சண்டையைப் பாடுகிறார்கள். சுல்தானைக் கொன்ற வீரன் செர்பியர்களுக்கு மிலோஷ் ஒபிலிச், அல்பேனியர்களுக்கு மில்லோஷ் கொபிலிச். ஒரே ஆளுக்கு இரண்டு தேசத்தவர்கள் உரிமை கொண்டாடுகிறார்கள். அந்தப் பொது வீரனை 1989 மேடையில் யாரும் கூப்பிடவில்லை.

உப்புக்காற்று

ஏட்டுச்சுவடி அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். "யாரோ தூண்டிவிடுகிறார்கள்" என்ற வாதம் ஜெயித்தவர்களுக்கு ரொம்ப வசதியானது. அடிவாங்கியவன் பேச ஆரம்பித்தாலே "உன்னை எவனோ ஏற்றிவிட்டிருக்கிறான்" என்று வாயை அடைத்துவிடலாம்.

1972 ஜனவரி 30. வட அயர்லாந்தின் டெர்ரியில் ஊர்வலம் போனவர்கள் மீது பிரிட்டிஷ் ராணுவம் சுட்டது. அன்றே 13 பேர் இறந்தார்கள், இன்னொருவர் பிறகு இறந்தார். சில வாரங்களிலேயே விட்ஜரி விசாரணை சிப்பாய்களைப் பெரும்பாலும் காப்பாற்றி அறிக்கை கொடுத்தது. செத்தவர்களில் சிலர் துப்பாக்கியோ வெடிகுண்டோ வைத்திருந்திருக்கலாம் என்ற சந்தேகத்தையும் அதிலேயே எழுதி வைத்தது. அந்தக் குடும்பங்கள் 38 வருடம் அலைந்தன. 2010-இல் சாவில் என்ற நீதிபதி நடத்திய புதிய விசாரணையின் அறிக்கை, செத்தவர்கள் நிரபராதிகள் என்றது. பிரதமர் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். டெர்ரி சதுக்கத்தில் திரையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் ஆர்ப்பரித்தது. பழைய விட்ஜரி அறிக்கையை அங்கேயே கிழித்துப் போட்டார்கள்.

இதில் பரணிலிருந்து எதை யார் இறக்கினார்கள்? அது பரணுக்குப் போகவே இல்லை. 38 வருடமும் நடு வீட்டில்தான் கிடந்தது.

கொரியாவின் கிம் ஹாக்-சுன் கதை இன்னும் வேறு மாதிரி. ஜப்பானிய ராணுவத்தின் பாலியல் அடிமையாக இருந்ததை அவர் பகிரங்கமாகச் சொன்னது 1991-இல். போர் முடிந்தது 1945-இல். 46 வருடம் வாய் திறக்காததால் நினைவு இல்லை என்றாகிவிடுமா? கேட்க ஆள் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

ஏட்டுச்சுவடி

கோபம் எல்லாம் இல்லை தங்கை. சரியான இடத்தில்தான் அடித்திருக்கிறாய்.

இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னது என் தப்பு. சாட்சி உயிரோடு இருக்கும் நினைவு வேறு, பாட்டாகவும் பாடமாகவும் மட்டுமே கைமாறும் நினைவு வேறு. என் வாதம் இரண்டாவதற்கு மட்டும். இனி அந்த எல்லைக்குள்ளேயே பேசுகிறேன்.

வடதிசை

அந்த எல்லை அவ்வளவு சுத்தமாக நிற்காது என்று நினைக்கிறேன். ஹங்கேரியைப் பாருங்கள்.

முதல் உலகப் போரில் தோற்ற பிறகு, 1920 ஜூன் 4-இல் கையெழுத்தான டிரியானோன் ஒப்பந்தத்தில் ஹங்கேரி தன் நிலத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. ஏறக்குறைய 30 லட்சம் ஹங்கேரியர்கள் ஒரே இரவில் வேறு நாட்டுக் குடிமக்கள் ஆனார்கள். அதைப் பார்த்தவர்கள் இன்று யாரும் உயிரோடு இல்லை. ஆனால் அந்த மக்களின் பேரன் பேத்திகள் ருமேனியாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் செர்பியாவிலும் இன்றும் ஹங்கேரிய மொழி பேசிக்கொண்டு வாழ்கிறார்கள். அப்போ இது உயிருள்ள நினைவா, பாடப்புத்தக நினைவா?

கம்யூனிஸ்ட் காலத்தில் இதைப் பொதுவெளியில் பேசவே விடவில்லை. 2010-இல் புதிய அரசு வந்ததும் ஜூன் 4-ஐ தேசிய ஒற்றுமை நாள் ஆக்கியது, எல்லைக்கு வெளியே இருந்த ஹங்கேரியர்களுக்கு எளிதாகக் குடியுரிமையும் கொடுத்தது. 2022-இல் பிரதமர் ஓர்பான் ஒரு கால்பந்தாட்டத்துக்குப் பழைய பெரிய ஹங்கேரி வரைபடம் போட்ட கழுத்துத் துண்டோடு போனார். ருமேனியாவும் உக்ரைனும் கண்டனம் தெரிவித்தன. ஒரு துண்டுக்கு!

இந்த நினைவில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. 1910 கணக்கெடுப்பில், குரோவேஷியாவை விட்டுவிட்டுப் பார்த்தால், ஹங்கேரிய மொழி பேசியவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். மீதிப் பேர் ருமேனியர், ஸ்லோவாக்கியர், ஜெர்மானியர், செர்பியர் என்று பலர். அவர்களுக்கு 1920 பெரும்பாலும் விடுதலை. ஒருவனுடைய துக்க நாள் பக்கத்து வீட்டுக்காரனின் பண்டிகை. இழந்த வரைபடத்தைச் சுவரில் மாட்டுகிறவன், அந்த நிலத்தில் யார் குடியிருந்தார்கள் என்பதை மாட்டுவதில்லை.

நாலாம்பக்கம்

ஒரு சின்ன சந்தேகம். ஸ்வீடனும் டென்மார்க்கும் நூற்றாண்டுக் கணக்கில் வெட்டிக்கொண்டவர்கள். ஸ்வீடனின் தென்கோடி ஸ்கோனே 1658 வரைக்கும் டென்மார்க்கின் சொத்து. இன்று அதற்காக யாரும் கண் கலங்குவதில்லை. பாலம் கட்டி, காலையில் அந்த நாட்டில் வேலை, மாலையில் இந்த நாட்டில் சாப்பாடு என்று இருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் எப்படி மறந்தது? குளிர் காரணமா? :)

ஏட்டுச்சுவடி

குளிர்தான் காரணம் என்றால் ரஷ்யாவை விளக்க முடியாமல் போகும் :)

விளையாட்டாகக் கேட்டாலும் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இது. எது ஆறவில்லை என்று மட்டும் பார்க்கிறோம், எது எப்படி ஆறியது என்று பார்ப்பதில்லை.

டென்மார்க்கின் பெரிய காயம் 1864. பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அடித்து ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனைப் பிடுங்கிக்கொண்டன. 1920-இல் ஷ்லெஸ்விக்கில் பொது வாக்கெடுப்பு நடந்தது. வடபகுதி டென்மார்க்குக்கு வந்தது, நடுப்பகுதி ஜெர்மனியோடே இருந்தது. எல்லைக்கோட்டை எங்கே போட்டாலும் இரண்டு பக்கமும் மற்றவர் மாட்டிக்கொள்வார்கள். அதற்கு 1955-இல் மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பானிலும் டென்மார்க்கின் கோபன்ஹேகனிலும் தனித்தனியாக அறிவிப்பு வெளியிட்டார்கள்: அந்தச் சிறுபான்மையினர் தம் மொழியில் பள்ளி நடத்தலாம், தன்னை டேனிஷ்காரன் என்றோ ஜெர்மானியன் என்றோ ஒருவன் சொல்லிக்கொண்டால் அதிகாரிகள் அதைச் சோதிக்கக் கூடாது. நிலத்தைத் திருப்பித் தரவில்லை. ஆனால் அந்த நிலத்தில் தன் ஆட்கள் மட்டம் தட்டப்படுகிறார்கள் என்ற செய்தி அப்புறம் வருவது நின்றுபோனது. பழைய காயத்தில் தினமும் உப்புப் போட ஆள் இல்லை.

எதிர் உதாரணம் பிரான்சும் ஜெர்மனியும். 1871 ஜனவரி 18-இல் வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் ஜெர்மன் பேரரசை அறிவித்தார்கள். பிரான்ஸ் அல்சாஸையும் லொரேனின் ஒரு பகுதியையும் இழந்தது. பாரிஸில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரைக் குறிக்கும் சிலைக்குத் துக்கத் துணியும் மாலையும் போட்டு வைத்தார்கள். 1919-இல் பாரிஸ் சமாதான மாநாடு தொடங்கிய தேதி ஜனவரி 18, ஒப்பந்தம் கையெழுத்தான இடம் அதே கண்ணாடி மண்டபம். 1918 நவம்பர் 11-இல் ஜெர்மனி கொம்பியேன் காட்டில் ஒரு ரயில் பெட்டிக்குள் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டது. 1940 ஜூனில் ஹிட்லர் அதே பெட்டியை அருங்காட்சியகத்திலிருந்து வெளியே இழுத்து, அதே இடத்தில் நிறுத்தி, பிரான்சைக் கையெழுத்துப் போட வைத்தார். தேதிக்குத் தேதி, மண்டபத்துக்கு மண்டபம், பெட்டிக்குப் பெட்டி. சின்னப் பிள்ளைகள் சண்டை இதைவிட முதிர்ச்சியாக இருக்கும்.

அதே இரண்டு நாடுகள் 1963-இல் எலிசே நட்பு ஒப்பந்தம் போட்டன. 2006-இல் இரண்டு நாட்டுப் பள்ளிகளுக்கும் பொதுவான வரலாற்றுப் பாடநூலின் முதல் தொகுதி வந்தது. மறந்துவிட்டார்களா? இல்லை. முதல் உலகப் போர்க்களமான வெர்தூனில் எலும்புகள் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. 1984-இல் ஜெர்மன் சான்சலர் கோலும் பிரெஞ்சு அதிபர் மித்தெரானும் கைகோத்து நின்றது அந்த எலும்புகளுக்கு முன்னால்தான்.

பனைநிழல்

எல்லாரும் ஐரோப்பாவையே சுற்றி வருகிறீர்கள். நமக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது, யாரும் தொடவில்லை. அனுராதபுரத்தை ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளன், அவனைப் போரில் கொன்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு.

நெறியாளர்

தொடலாம். ஆனால் இந்தப் பேச்சு வழக்கமாக எங்கே போய் முடியும் என்பது எல்லாருக்கும் தெரியும். இலங்கையின் பழைய பௌத்த வரலாற்று நூலான மகாவம்சம் என்ன சொல்கிறது, அதை வைத்துப் பின்னால் என்ன செய்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வசை வந்தால் பூட்டிவிடுவேன்.

பனைநிழல்

நன்றி ஐயா. வசை இல்லாமலே சொல்கிறேன்.

சண்டை நடந்ததாகச் சொல்லப்படுவது கி.மு. 2-ஆம் நூற்றாண்டு. மகாவம்சம் எழுதப்பட்டது கி.பி. 5-ஆம் நூற்றாண்டு வாக்கில். நடுவில் 600 வருடத்துக்கு மேல். ஏட்டுச்சுவடியின் கோசோவோ கணக்கு எழுதும்போதே வந்துவிட்டது.

துட்டகைமுனுதான் அந்த நூலின் நாயகன், சந்தேகமே இல்லை. ஆனால் எல்லாளனை அது எப்படிச் சொல்கிறது? நண்பன் பகைவன் என்று பார்க்காமல் நீதி வழங்கியவன் என்கிறது. ஆராய்ச்சி மணி, தேர்க்காலில் கன்றைக் கொன்ற சொந்த மகனுக்குத் தண்டனை, எல்லாம் அதில் இருக்கிறது. நாம் மனுநீதிச் சோழன் கதை என்று படித்ததேதான். அவனைக் கொன்ற துட்டகைமுனு, உடலுக்கு மரியாதையோடு ஈமக்கடன் செய்து, நினைவிடம் எழுப்பி, அதற்கு வழிபாடும் ஏற்படுத்தினான். பிற்கால அரசர்களும் அந்த வழியே போகும்போது வாத்தியங்களை நிறுத்தச் சொல்வார்கள் என்று மகாவம்சமே எழுதுகிறது.

அது ஏட்டோடு நின்ற மரியாதையும் இல்லை. 1818-இல் ஆங்கிலேயருக்கு எதிரான கிளர்ச்சி தோற்று, உயிர் பிழைக்க ஓடிக்கொண்டிருந்த பிலிமத்தலாவே என்ற கண்டிப் பிரபு, அனுராதபுரத்தில் அந்த இடம் வந்ததும் பல்லக்கிலிருந்து இறங்கிவிட்டார். எந்த இடம் என்று சரியாகத் தெரியாததால் நிச்சயமாகத் தாண்டிவிட்டோம் என்று தெரியும்வரை களைப்போடு நடந்தே போனார். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருடப் பழைய எதிரிக்கு, தன் தலைக்கே விலை இருந்த நேரத்தில்.

பிற்காலத்தில் இலங்கை ராணுவத்தில் துட்டகைமுனுவை நினைவூட்டும் கெமுனு என்ற பெயரில் படைப்பிரிவு வந்தது. 2007-இல் அனுராதபுரம் விமானத் தளத்தைப் புலிகள் தாக்கியபோது அதற்கு எல்லாளன் நடவடிக்கை என்று பெயர் வைத்தார்கள். ஏட்டிலிருந்து இரண்டு பக்கமும் வாளை எடுத்துக்கொண்டார்கள், பல்லக்கிலிருந்து இறங்கியதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

உப்புக்காற்று

பனைநிழல், இந்தப் பல்லக்குக் கதை எனக்குத் தெரியாது. இரண்டு முறை படித்தேன்.

ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதைப் படிக்கிற யாராவது "பார்த்தாயா, எல்லாம் பழைய ஏட்டுச் சண்டை" என்று முடித்துவிடக் கூடாது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது போன சுமார் 97,000 நூல்கள் புராணம் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் சாலையோரம் உட்கார்ந்தது எல்லாளனுக்காக இல்லை. "என் பிள்ளை எங்கே" என்பது வரலாற்றுக் கேள்வியே இல்லை, நிகழ்காலக் கேள்வி. அதைத் தொல்பகை என்று சொல்லும்போது பதில் சொல்ல வேண்டியவர் நழுவிவிடுகிறார்.

பனைநிழல்

முழுக்க ஒத்துக்கொள்கிறேன் அக்கா. 1990-களில் பொஸ்னியப் போரைப் பற்றியும் வெளியே பல தலைவர்கள் இதையே சொன்னார்கள். நூற்றாண்டுப் பகை, நாம் என்ன செய்ய முடியும் என்று. தலையிடாமல் இருப்பதற்கு அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

வடதிசை

சரி, ஆறுவதற்கு என்ன வேண்டும் என்ற இடத்துக்கு வருவோம். பணம் கொடுத்தால் தீருமா என்றால், தீர்ந்ததாக எனக்கு உதாரணம் தெரியவில்லை.

1965-இல் ஜப்பான் தென்கொரியாவுக்கு 30 கோடி டாலர் மானியமும் 20 கோடி டாலர் கடனும் கொடுத்தது, கணக்கு முழுதாக முடிந்தது என்று ஒப்பந்தமும் போட்டது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி தொழில், உள்கட்டமைப்பு என்று போனது. பாதிக்கப்பட்டவர்கள் கைக்கு வந்தது மிகக் குறைவு. 2015-இல், கிம் ஹாக்-சுன் போல பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களுக்காக இன்னொரு உடன்பாடு, 100 கோடி யென். அதையும் அந்த மூதாட்டிகளில் சிலர் தங்களைக் கேட்காமல் செய்தது என்று ஏற்கவில்லை. 2018-இல் கொரிய உச்ச நீதிமன்றம், கட்டாய உழைப்புக்கு ஜப்பானிய நிறுவனங்கள் இழப்பீடு தர வேண்டும் என்றது. அடுத்த வருடமே ஜப்பான், சிப் தயாரிப்புக்குத் தேவையான வேதிப்பொருள்களின் ஏற்றுமதியில் கெடுபிடி செய்தது. 1940-களின் வழக்கு 2019-இன் மின்னணு ஆலைக்குள் நுழைந்துவிட்டது.

நமீபியாவிலும் அதே கதை. 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்களை ஜெர்மானியப் படை அழித்ததை 2021-இல் ஜெர்மனி இனப்படுகொலை என்று ஒத்துக்கொண்டது, 30 வருடத்தில் 110 கோடி யூரோ என்றது. பேச்சு இரண்டு அரசுகளுக்கு நடுவில். எங்களை மேசையில் உட்கார வைக்கவில்லை என்று சந்ததியினர் எதிர்த்தார்கள்.

இரண்டிலும் தொகையைவிட, யாரிடம் கணக்கைத் தீர்த்தார்கள் என்பதில்தான் கோளாறு.

சாய்வுநாற்காலி

பேசாமல் மறந்துவிடுவோம் என்று உட்கார்ந்து முடிவெடுத்தவர்களும் உண்டே. கி.மு. 403-இல் ஏதென்ஸில் உள்நாட்டுச் சண்டை முடிந்ததும் பழைய தீமைகளை நினைவூட்டமாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். ஸ்பெயின் 1977-இல் பொதுமன்னிப்புச் சட்டம் போட்டது. அதுவும் கிட்டத்தட்ட அதேதான். ஜனநாயகம் இன்னொரு உள்நாட்டுப் போர் இல்லாமல் வந்தது, அந்த மட்டும் லாபம். ஆனால் 1936-39 உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்டுச் சாலையோரக் குழிகளில் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். 2007-இல் வரலாற்று நினைவுச் சட்டம். 2019 அக்டோபரில் அந்தப் போரில் ஜெயித்த சர்வாதிகாரி ஃபிராங்கோவின் உடலையே தோண்டி எடுத்து வேறு இடத்தில் புதைத்தார்கள். மகன் தலைமுறை வாயை மூடிக்கொண்டது, பேரன் தலைமுறை கேட்டது. ஏட்டுச்சுவடி கணக்குப்படி நினைவு காலப்போக்கில் மங்க வேண்டும். இங்கே தலைகீழாக அல்லவா இருக்கிறது?

ஏட்டுச்சுவடி

இருக்கிறது. ஸ்பெயினுக்கு என்னிடம் பதில் இல்லை. சாட்சி செத்த பிறகு நினைவு பரணுக்குப் போகும் என்றேன். அந்தப் பேரன்களுக்குத் தாத்தா எந்தக் குழியில் என்று தெரியவில்லை. அடக்கம் நடக்காத சாவுக்கு வயது ஏறாது போலிருக்கிறது. உப்புக்காற்று சொன்ன நடு வீடுதான் அது.

முதல் பதிவில் "நினைவு சண்டையை உண்டாக்குவதில்லை" என்று எழுதியதைத் திருத்த வேண்டும். 1389-க்கு அது பொருந்தும், எல்லாளனுக்குப் பொருந்தும். டெர்ரிக்கும் ஸ்பெயினின் குழிகளுக்கும் பொருந்தாது. ஹங்கேரி இரண்டுக்கும் நடுவில் தொங்குகிறது, வடதிசை சொன்னபடி.

நெறியாளர் ஐயா, இழையின் தலைப்பையும் முதல் பதிவின் கடைசிப் பத்தியையும் மாற்ற முடியுமா?

நெறியாளர்

முதல் பதிவைத் திருத்தும் கெடு முடிந்துவிட்டது. எழுதியது எழுதியதுதான். கீழே திருத்தம் என்று போட்டுக்கொள்ளுங்கள், படிக்கிறவர்கள் இரண்டையும் பார்க்கட்டும்.

நாலாம்பக்கம்

என் குளிர் கேள்விக்கு ரஷ்யா என்று சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிட்டீர்களே. 2024-இல் ஒரு அமெரிக்கப் பேட்டியாளர் உக்ரைன் போரைப் பற்றிக் கேட்டதற்கு, புதின் 862-ஆம் வருடத்திலிருந்து ஆரம்பித்து அரை மணி நேரம் பாடம் எடுத்தார். அதே நேரம் உக்ரைனியர் எவரைக் கேட்டாலும் ஸ்டாலின் காலத்து 1932-33 பஞ்சத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். இதில் எது பரண், எது நடு வீடு? தனி இழை தொடங்கவா, இங்கேயே தொடரவா?